பாய் என்றார் மாப்பிள்ளை

நங்கூரம் போட்ட படகு,
கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டு லாரியில் ஏறிய உங்கள் சம்பந்தி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நான்கு பேரும் சுகம். சுகம் என்றால் நேராக நின்ற சுகம் இல்லை, கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்ந்த சுகம். காற்று திரும்பினால் இடது பக்கமாகச் சாய்ந்த சுகமாக இருப்போம். அங்கே நீங்களும் உங்கள் முழங்காலும் உங்கள் சிவப்புப் பேனாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கடிதத்தில் பிழை இருக்கும். இருக்குமோ என்று தேட வேண்டாம், இருக்கும். வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், தபால்காரருக்கு முன்னால் எனக்கு மானம் போய்விடும்.

வந்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஊர் சுற்றப் போனதாக என் வீட்டம்மா உங்களிடம் வந்து சொல்லுவாள். நம் பேத்தி பட்டாணிக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. மூன்று வருடமாக அப்பா அம்மாவோடு இந்தப் பாய்மரப் படகிலேயே குடியிருந்துகொண்டு, வெளிநாட்டுக் கரையோரமாகத் துறைமுகம் துறைமுகமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நீங்கள் உங்கள் பழைய பள்ளிக்கூடத்தில் பேசி அவளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறீர்கள், மாதக் கடைசிக்குள் வந்தால் இடம் அவளுக்கு, வராவிட்டால் வேறு பிள்ளைக்கு. பேத்தி உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்பது உங்கள் கட்சி, பிள்ளையைப் பிரிய மாட்டோம் என்பது அவர்கள் கட்சி. நடுவில் பேச ஆள் வேண்டும் என்றபோது இரண்டு கட்சியும் என்னைக் கைகாட்டியதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். 'ரோட்டிலேயே வாழ்ந்த மனுஷன், கடலைக் கண்டால் மிரண்டுபோய் நம் பக்கம் சொல்லுவார்' என்று நீங்கள் நினைத்தீர்கள். 'அப்பாவே பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்தானே, நம் பக்கம் சொல்லுவார்' என்று என் மகள் நினைத்தாள். ஆகமொத்தம் நான் பன்னிரண்டு நாள் இருந்து பார்த்து, கூட்டிக்கொண்டு வருவதா விட்டுவிட்டு வருவதா என்று சொல்ல வேண்டும், நான் சொல்வதுதான் முடிவு. இன்று பத்தாவது நாள்.

படகு என்றதும் நான் கப்பல் மாதிரி ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு வந்தேன். துறைமுகத்தில் மாப்பிள்ளை கையை நீட்டி, "இதுதான் மாமா நம்ம வீடு" என்றார். நான் அண்ணாந்து பார்த்து, "அடேங்கப்பா" என்றேன். "அது இல்ல மாமா, அதுக்கு இந்தப் பக்கம், சின்னதா ஒண்ணு ஆடுது பாருங்க" என்றார். என் லாரியின் நீளம் இருக்கும். ஆனால் என் லாரிக்குப் பிரேக் உண்டு, இதற்குக் கிடையாது. ரிவர்ஸ் இருக்கிறதாம், அது நினைத்தால் எடுக்குமாம். ஹாரன் அடித்தால் வழிவிட ஆள் இல்லை. உள்ளே இறங்கினால் முதல் எட்டில் அடுப்பு, இரண்டாவது எட்டில் சாப்பாட்டு மேசை, மூன்றாவது எட்டில் தலை முட்டும். அடுப்பைத் தொட்டில் மாதிரி தொங்க விட்டிருக்கிறார்கள், படகு எப்படிச் சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்கும். சமைக்கிறவள்தான் சாய்வாள், அதனால் என் மகள் இடுப்பில் ஒரு பட்டையை மாட்டிச் சுவரோடு தன்னைக் கட்டிக்கொண்டு சோறு வடிக்கிறாள். அந்த மேசையை இறக்கி மேலே மெத்தை போட்டால் அதுதான் எனக்குக் கட்டில். நான் படுக்க வேண்டுமென்றால் எல்லோரும் சாப்பிட்டு முடிக்க வேண்டும், எல்லோரும் சாப்பிட வேண்டுமென்றால் நான் எழுந்திருக்க வேண்டும். கக்கூஸுக்குக் கையால் அடிக்கிற பம்பு. இருபது அடிக்க வேண்டும். "தாத்தா, எண்ணிக்கிட்டே அடிங்க, பாதியில விட்டா திரும்பி வந்துரும்" என்று பட்டாணி வெளியே நின்று கதவைத் தட்டினாள். எது திரும்பி வரும் என்று நான் கேட்கவில்லை. ஐம்பது அடித்தேன்.

நீங்கள் கோடு போட்ட தாளில் பதினொரு கேள்வி எழுதி, பக்கத்தில் சரி போடக் கட்டமும் போட்டுக் கொடுத்தீர்கள். யாருக்கும் காட்டாதீர்கள் என்றும் சொன்னீர்கள். சம்பந்தி அம்மா, மூன்று எட்டு நீளமுள்ள வீட்டில் எதை எங்கே ஒளிப்பது? வந்த அன்றைக்கே மாப்பிள்ளை படித்துவிட்டார். அதில் நான்காவது கேள்வி, 'ஆங்கிலம் கலக்காத நல்ல தமிழ் படகில் புழங்குகிறதா?' என்பது. அதைப் பார்த்ததும் உங்கள் மகன் இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் வகுப்பறையைக் கூட்டுகிற வாத்தியார் மாதிரி ஆகிவிட்டார். அதுவரை செயில், ஆங்கர் என்று பேசிக்கொண்டிருந்தவர், மறுநாள் காலையிலிருந்து பாய், நங்கூரம், சுக்கான் என்று செந்தமிழில் இறங்கிவிட்டார். கோபப்படாமல் கேளுங்கள், அந்த நான்காவது கேள்வியால்தான் நான் கடலில் விழுந்தேன்.

இரண்டாம் நாள் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. கரையை விட்டுக் கிளம்பியதும், "மாமா, பாயை விரிக்கணும், கொஞ்சம் கை குடுங்க" என்றார். மணி காலை ஒன்பது. இந்நேரத்துக்கே படுக்கையா என்று நினைத்தாலும், மாப்பிள்ளை சொல்லித் தட்டக்கூடாது என்று உள்ளே போய், நான் ஊரிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்த பாயை எடுத்துவந்து மேல்தளத்தில் விரித்து, தலைமாட்டில் துண்டையும் மடித்து வைத்தேன். அவர் பார்த்தார், நான் பார்த்தேன், பட்டாணி விழுந்து விழுந்து சிரித்தாள். "தாத்தா, அது தூங்குற பாய். இது காத்துப் பாய்" என்று மரத்தில் சுருட்டிக் கட்டியிருந்த துணியைக் காட்டினாள். சரி, பாய் என்றால் இரண்டு என்று மனசில் குறித்துக்கொண்டேன். மூன்றாவதாக ஒன்று இருப்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஐந்தாம் நாள் நன்றாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தார், மகள் கீழே அடுப்படியில், பட்டாணி பக்கத்தில் உட்கார்ந்து என் மீசையில் எத்தனை வெள்ளை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பாயை இழுத்துப் பிடிக்கிற கயிற்றை என் கையில் கொடுத்திருந்தார்கள், நானும் முதலாளி மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எங்கிருந்தோ ஒரு காற்று வந்து அறைந்தது, படகு ஒரே பக்கமாகச் சரிந்தது, கடல் என் மடிக்கு வந்துவிட்டது. கயிற்றை விட்டால் பாய் தளரும், படகு நிமிரும், அவ்வளவுதான் விஷயம். மாப்பிள்ளை அதைத்தான் சொல்ல வந்திருக்கிறார். அவசரத்தில் முழுசாக வரவில்லை. "பாய்! பாய்! மாமா, பாய்!" என்று கத்தினார். நீங்களே சொல்லுங்கள், பதினைந்து வயதில் லாரியில் கிளீனராகச் சேர்ந்தவன் நான். மலைப்பாதையில் பிரேக் போனால் டிரைவர் கிளீனரைப் பார்த்துக் கத்துவது அந்த ஒரு சொல்தான். அந்தச் சொல் காதில் விழுந்தால் மூளையைக் கேட்காமல் கால் கிளம்பிவிடும். கிளம்பிவிட்டது. பாய்ந்துவிட்டேன்.

நடுவானத்தில் இருக்கும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நம் மாப்பிள்ளை என்னை ஒருநாளும் ஒருமையில் கூப்பிட்டது கிடையாதே, குதிக்கச் சொல்வதாக இருந்தால் 'பாயுங்க மாமா' என்றல்லவா சொல்லியிருப்பார் என்று. அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பிற்பாடு என் மகளும் அதையேதான் கேட்டாள். "ஏம்ப்பா, அவரு என்னைக்காவது உங்கள வா போன்னு சொல்லியிருக்காரா? பாய்னா அவரு சொல்லுவாரா?" மரியாதை தெரிந்த பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள், அதை நம்பியிருந்தால் நனையாமல் இருந்திருப்பேன்.

இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் விளையாட்டு இத்துடன் சற்று நிற்கிறது. காலையிலேயே பட்டாணி பிடிவாதம் பிடித்து எனக்கு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, மூன்று இடத்தில் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னை மேலே விட்டிருந்தாள், அதனால் மிதந்தேன். ஆனால் படகு நிற்கவில்லை. பிரேக் இல்லை என்று சொன்னேனே, அது போய்க்கொண்டே இருந்தது. அலை ஏறும்போது படகு தெரியும், இறங்கும்போது வானம் மட்டும் தெரியும். லாரியில் எத்தனையோ தடவை சாவைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன், அங்கே கத்துவதற்காவது நேரம் இருக்கும், இங்கே கத்தினால் கேட்க ஆள் இல்லை. அப்போது ஒவ்வொரு தடவை அலை மேலே தூக்கும்போதும் ஒன்றைப் பார்த்தேன். பட்டாணி படகின் பின்பக்கம் கம்பியைக் கட்டிப் பிடித்து நின்றுகொண்டு, வலது கையை நீட்டி என்னைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். படகு திரும்பியது, அவள் கை என் பக்கமே இருந்தது. அவள் அம்மா மேலே ஓடி வந்தாள், இன்ஜினைப் போட்டாள், அப்பா பாயை இறக்கினார், கயிறும் துணியுமாகப் பட்டாணி தலைமேல் விழுந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரல் என் மேல்தான். பதினொரு நிமிஷம். ஏணியைப் பிடித்து மாப்பிள்ளை என்னை இழுத்துப் போட்டு, நான் மேல்தளத்தில் மீன் மாதிரி கிடந்து மூச்சு விட்ட பிறகுதான் கையை இறக்கினாள், அப்போதுதான் அழுதாள்.

மாப்பிள்ளை பிறகு விளக்கினார். அலையில் மனுஷத் தலை ஒரு தேங்காய் அளவுதானாம், ஒரு நொடி கண்ணை எடுத்தால் மறுபடி கண்டுபிடிக்க முடியாதாம். அதனால் யாராவது விழுந்தால் ஒருவருக்கு அந்த ஒரே வேலை, பார்த்துக்கொண்டே இருப்பது. இந்தப் படகில் அது பட்டாணியின் வேலை. வாரம் ஒருமுறை ஒரு தண்ணீர் கேனைக் கடலில் போட்டுப் பழகுகிறார்களாம். "இதுவரைக்கும் கேன்தான் தாத்தா விழும். நிஜமா விழுந்த மொத ஆளு நீங்கதான்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். என்னை இத்தனை வருடத்தில் யாரும் அவ்வளவு நேரம் கண் எடுக்காமல் பார்த்ததில்லை, சம்பந்தி அம்மா. கல்யாண மேடையில் என் வீட்டம்மாகூடக் குனிந்துகொண்டுதான் இருந்தாள்.

படகில் ஒரு டைரி உண்டு, நடப்பதை எல்லாம் மணியோடு எழுத வேண்டும். தமிழில் எழுதுவது பட்டாணி பொறுப்பு. அன்றைக்கு எழுதியதை அப்படியே தருகிறேன். 'பத்து நாற்பது: தாத்தா விழுந்தார். பத்து ஐம்பத்தொன்று: தாத்தா எடுக்கபட்டார்.' நடுவில் ஒரு 'ப்' விட்டுப்போயிருக்கிறது என்று என் மகள் சுட்டிக்காட்டினாள், நீங்களும் பேனாவை எடுத்திருப்பீர்கள். நான்தான், "விடும்மா, உயிர் இருக்கு, மெய் இருக்கு, ஒத்து ஒண்ணு போனா என்ன" என்றேன்.

அந்தச் சந்தோஷத்தில் முடிவு சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மற்றக் கேள்விகளையும் நியாயமாகப் பார்த்தேன். காலையில் இரண்டு மணி நேரம் மேசையில் பாடம் நடக்கிறது. அம்மா மடிக்கணினியில் ஏதோ ஆஸ்பத்திரிக்காரர்கள் பேசியதைத் தட்டச்சு செய்துகொண்டே சொல்லிக் கொடுக்கிறாள், அப்பா துறைமுகத்தில் அடுத்தவர் இன்ஜினைப் பழுது பார்க்கப் போகாத நாளில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன், ஐம்பத்துநாலு என்றாள். கரையில் ஐம்பத்தாறு, கடலில் ரெண்டு கரைந்துவிடும் போலிருக்கிறது. ஆனால் வரைபடத்தில் கவராயத்தை வைத்து அளந்து, "இந்த வேகத்துல போனா நாலரை மணிக்குப் போயிருவோம் தாத்தா" என்றாள், நாலு நாற்பதுக்குப் போனோம். கையெழுத்து சாய்ந்திருக்கிறது. கரையில் கட்டிய நாளில் எழுதியது நேராக இருக்கிறது, பக்கத்தைப் பார்த்தே அன்றைக்குக் காற்று எப்படி என்று சொல்லிவிடலாம். எந்தக் கட்டத்தில் சரி போடுவது, எதில் தப்புப் போடுவது?

படிப்பு எதற்கு என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. படிக்காததன் கஷ்டம் உங்களைவிட எனக்குத்தான் தெரியும். ஊர்ப் பலகையை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ஊர் போய்விடும், நிறத்தையும் மரத்தையும் அடையாளம் வைத்துத்தான் முப்பது வருடம் வண்டி ஓட்டினேன். எந்தத் தாளை நீட்டினாலும் எங்கே கையெழுத்துப் போடணும் என்று மட்டும் கேட்பேன், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வெட்கம். இந்தக் கடிதம் எழுதவே மூன்று நாளாகிறது. அதனால் ஏழாம் நாள் வரைக்கும் பட்டாணியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் இருந்தேன். இதைச் சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், அதனால் சொல்கிறேன்.

ஏழாம் நாள் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள். நங்கூரத்தை எங்கே போடுவது என்பதுதான் தகராறு. அவள் முன்னால் நின்று கையைக் காட்டினாள், அவர் பின்னால் நின்று வேறு பக்கம் திருப்பினார், படகு நடுவில் நின்று திருதிருவென்று முழித்தது. அப்புறம் இருவரும் பேசவில்லை. நம் வீட்டில் சண்டை வந்தால் கதவை அறையலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். நானாக இருந்தால் லாரியை எடுத்துக்கொண்டு எட்டு நாள் காணாமல் போவேன். இங்கே அறைவதற்குக் கதவே ஒன்றுதான், அதுவும் கக்கூஸ் கதவு. மத்தியானம் நான்கு பேரும் முட்டியோடு முட்டி இடிக்க அந்த மேசையில் உட்கார்ந்தோம்.

"பட்டாணி, உங்கப்பாவ உப்பு எடுத்துக் குடுக்கச் சொல்லு" என்றாள் மகள்.

"அப்பா, உப்பு."

"உங்கம்மாகிட்ட சொல்லு, அவ முழங்கைகிட்டதான் இருக்குன்னு."

"அம்மா, உங்க முழங்கைகிட்டயாம்."

"எந்த முழங்கைன்னு கேளு."

"எந்த முழங்கைனு கேக்குறாங்கப்பா. நான் சாப்பிடவா, இல்ல சொல்லிக்கிட்டே இருக்கவா?"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கினார், அடக்கியது மூக்கு வழியாக வந்தது, என் மகளும் சிரித்துவிட்டாள். சண்டை அரை நாள்கூட ஓடவில்லை. அதற்கு மேல் ஓட இடமில்லை.

அன்று சாயங்காலம் கக்கூஸ் பம்பு அடைத்துக்கொண்டது. நான் ஐம்பது ஐம்பதாக அடித்ததன் பலன். மாப்பிள்ளையும் நானும் அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தோம். பெரிய விஷயம் பேசுகிற இடமில்லை அது, இருந்தாலும் நான் கேட்டேன். "ஏன் மாப்ள, ஒரு அஞ்சு வருஷம் அம்மாகிட்ட விட்டுப் படிக்க வச்சா என்ன? நல்ல டீச்சராச்சே அவங்க." அவர் ரப்பர் வளையத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நல்ல டீச்சர்தான் மாமா. ஆயிரம் பிள்ளைங்களுக்கு. என்னை ஆறு வயசுல ஹாஸ்டல்ல விட்டாங்க. மாத்தல் மாத்தலா வந்துக்கிட்டே இருந்துச்சு, அவங்க மேல தப்பு இல்ல. ஞாயித்துக்கெழமை வருவாங்க. வந்தா மொதல்ல நோட்டைத்தான் வாங்கிப் பாப்பாங்க." அவ்வளவுதான் சொன்னார், பிறகு, "அந்த ஸ்பேனரை எடுங்க மாமா" என்றார். இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. ஏனென்றால் அதே தப்பை நான் லாரியில் வைத்துச் செய்திருக்கிறேன்.

என் மகளுக்கு நாலு வயது இருக்கும்போது ஒருதடவை பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். என்னைப் பார்த்துவிட்டு அவள் அம்மாவிடம் போய், "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று கேட்டாள். நான் விழுந்து சிரித்தேன். இருபத்தைந்து வருடமாக இந்தக் கதையைப் போகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று பந்தியிலும் சொன்னேன், மொத்தப் பந்தியும் சிரித்தது, நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. இந்தம்மாவுக்கு நகைச்சுவையே கிடையாது போல என்று என் வீட்டம்மாவிடம் சொன்னேன். மன்னிக்க வேண்டும். நீங்கள் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குப் பம்பைக் கழற்றிய அன்றுதான் விளங்கியது.

இரண்டு வீட்டிலும் பிள்ளையை வளர்த்தது பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான். நீங்கள் ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்தீர்கள், நான் ரோடு ரோடாகப் போய்ச் சம்பாதித்தேன். வந்து பார்த்தால் அதுகள் வளர்ந்து நிற்கின்றன. அப்படி வளர்ந்த இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்து, கல்யாணம் செய்துகொண்டு, யாரும் யாரைவிட்டும் மூன்று எட்டுக்கு மேல் போக முடியாத ஒரு வீட்டைத் தேடிப்பிடித்துக் குடியேறியிருக்கிறதுகள். பைத்தியக்காரத்தனம் என்று ஊரில் இருக்கும்போது நானும்தான் சொன்னேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதைப் பத்து வயதில்கூடக் கற்றுக்கொள்ளலாம். ஏழு வயதில் அப்பா அம்மா முட்டியோடு முட்டி இடித்துச் சாப்பிடுவதைப் பத்து வயதில் கொண்டுவந்து கொடுக்க எந்தப் பள்ளிக்கூடத்தாலும் முடியாது, அதற்கு நீங்களே தலைமை ஆசிரியையாக இருந்தாலும்.

ஆகையால் என் தீர்ப்பு: பிள்ளை இங்கேயே இருக்கட்டும். பிடித்து வைத்த இடத்தைத் தயவுசெய்து வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கி வைத்த புத்தகப்பையை அனுப்பிவையுங்கள், டைரியைத் தண்ணீர் படாமல் வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு வருத்தமாக இருக்கும். நான் வந்ததும் நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறேன், எவ்வளவு திட்ட வேண்டுமோ நிற்க வைத்துத் திட்டுங்கள். பெஞ்சு மேல் ஏறச் சொன்னாலும் ஏறுகிறேன்.

உங்கள் முழங்கால் வலி இறங்கி, மாடிப்படி ஏறுவது லேசாகி, சிவப்பு மை என்றும் வற்றாமல், நீங்கள் நூறு வயது இருந்து எங்கள் எல்லோர் பிழையையும் திருத்திக்கொண்டிருக்க வேண்டுமென்று மனசாரக் கேட்டுக்கொள்கிறேன். மகள், மாப்பிள்ளை, பட்டாணி மூவரும் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள். நான் கடலில் விழுந்த சங்கதி என் வீட்டம்மா காதுக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
ரோட்டில் காய்ந்து கடலில் நனைந்த
உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: சம்பந்தி அம்மா, மேலே எழுதியதை அப்படியே விட்டுவிட்டு இதை மட்டும் படியுங்கள். இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காயட்டும் என்று தாளை மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். வந்து பார்த்தால் பட்டாணி நின்றுகொண்டு, விரல் வைத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"அடுத்தவங்க லெட்டரைப் படிக்கலாமா?" என்றேன்.

"என்னைப் பத்தித்தானே இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எல்லாரும் சொன்னது இருக்கு. பாட்டி சொன்னது, அப்பா சொன்னது, நீங்க சொன்னது. என்னை யாரும் கேக்கலையே தாத்தா?"

நான் உங்கள் தாளை எடுத்துப் பதினொரு கேள்வியையும் மறுபடி பார்த்தேன். என் கடிதத்தையும் புரட்டினேன். கேட்கவில்லைதான்.

"சரி, இப்பக் கேக்குறேன். இங்க இருக்கியா, ஊருக்கு வரியா?"

"வரேன்."

யோசிக்கக்கூட இல்லை. நான் தாளைக் கீழே வைத்தேன். "ஏன்டா தங்கம், கடல் புடிக்கலையா?"

"புடிக்கும்."

"அப்பா அம்மா?"

"ரொம்பப் புடிக்கும்."

"அப்புறம் என்னடா?"

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். "அந்த ஸ்கூல்ல என் உயரத்துல ஆளுங்க இருப்பாங்கல்ல?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மேலேயிருந்து குனிந்து எதையோ கேட்க வந்த மாப்பிள்ளை குனிந்தபடியே நின்றார். என் மகள் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் இரண்டு பேர் தலையும் ஒரே மட்டம்.

"என்கிட்ட ஏன்டி சொல்லவேயில்ல?" என்றாள்.

"நீங்க கேக்கலையேம்மா."

பிறகு என் மகள் அவள் தலையைக் கோதிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, இவளுக்கும் சேத்து டிக்கெட் போட்டுருங்க" என்றாள். மாப்பிள்ளை கீழே இறங்கி வந்து வரைபடத்தை விரித்து, ஊர்க் கரை வரைக்கும் அளக்க ஆரம்பித்தார். எதிர்க்காற்றாம், படகு வந்துசேர நான்கு மாதம் ஆகுமாம். அளந்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அளந்தார்.

ஆகவே நானும் அவளும் மாதக் கடைசிக்குள் வந்துவிடுகிறோம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பேத்தி என்று சொல்லி அவளை முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிடாதீர்கள். உயரம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.